பச்சை மீனும் கருவாடும்: அறைக்குள் விளையும் புரதங்கள்

(இராயபுரத்தில் வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

காசிமேட்டில் விசைப்படகு கரைக்கு வந்ததும் ஐஸ் பெட்டிகள் ஓடிவருவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே கரையில், சற்றுத் தள்ளிக் காய்ந்துகொண்டிருக்கும் கருவாட்டை யாரும் அவசரப்பட்டு அள்ளுவதில்லை. பயிர்களைக் கொண்டு அறைக்குள்ளேயே பயனுள்ள புரதங்களை உற்பத்தி செய்யும் தொழிலைப் பற்றிப் பேச வந்த நான் மீனில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

புரதம் என்றதும் பருப்பும் முட்டையும் நினைவுக்கு வரும். இங்கே நான் சொல்வது மருந்தாகவும் தடுப்பூசியாகவும் பயன்படும் புரதங்களை. மனித இன்சுலின் 1982 முதல் பாக்டீரியாவில் தயாராகி விற்பனைக்கு வருகிறது. ஆனால் சிக்கலாக மடிய வேண்டிய, மேலே சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்ட வேண்டிய புரதங்களைப் பாக்டீரியாவால் சரியாகச் செய்ய முடிவதில்லை. அவற்றைப் பெரும்பாலும் சீன வெள்ளெலியின் செல்களை எஃகுத் தொட்டிகளில் வளர்த்தே எடுக்கிறார்கள். விலங்கின் செல் என்பதால் விலங்கைத் தாக்கும் வைரஸ் அங்கும் நுழையும் அபாயம் உண்டு. 2009இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அப்படி ஒரு வைரஸ் தொற்றால் ஆலை நிறுத்தப்பட்டு, காச்சர் நோய் என்னும் அரிய பரம்பரை நோய்க்கான நொதி மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அந்த வேளையில் இஸ்ரேலில் ஒரு நிறுவனம் கேரட் செல்களைப் பெரிய பிளாஸ்டிக் பைகளில் வளர்த்து, அதே நோய்க்கான நொதியைத் தயாரித்துக்கொண்டிருந்தது. 2012 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் அளித்தது. தாவர செல்லில் தயாராகி மனித உடலில் செலுத்த அங்கு ஒப்புதல் பெற்ற முதல் புரத மருந்து அதுதான். கேரட்டைத் தாக்கும் வைரஸ் மனிதரைத் தாக்குவதில்லை என்பது இம்முறையின் பெரிய பலம்.

கேரட் செல்லை விட்டு முழுச் செடிக்கு வருவோம். இத்துறையில் அதிகம் உழைப்பது புகையிலையின் ஆஸ்திரேலிய உறவுச் செடியான நிகோட்டியானா பெந்தாமியானா. தனது மரபணுத் துண்டைச் செடிக்குள் செலுத்தும் இயல்புடைய அக்ரோபாக்டீரியம் என்னும் மண் பாக்டீரியாவில் நமக்கு வேண்டிய மரபணுவை ஏற்றி, அந்தக் கரைசலை இலைக்குள் புகுத்த வேண்டும். ஆய்வகத்தில் இதைச் செய்ய ஊசி கழற்றிய சிரிஞ்ச் போதும். இலையின் அடிப்புறத்தில் அதன் வாயை அழுத்தி, மறுபுறம் விரலால் தாங்கி, மெல்லத் தள்ளினால், வெள்ளை வேட்டியில் தண்ணீர் பரவுவது போல இலைக்குள் கரும்பச்சைத் திட்டு ஒன்று விரியும். அந்தத் திட்டில்தான் அடுத்த ஐந்தாறு நாள்களில் புரதம் சேரும். ஆலையில் தட்டுத்தட்டாகச் செடிகளை அந்தக் கரைசலில் கவிழ்த்து முக்கி, வெற்றிடம் உண்டாக்கி விடுவிக்கிறார்கள்; இலைக்குள்ளிருந்த காற்று வெளியேறிய இடத்தில் கரைசல் புகுந்துவிடும். 2014இல் எபோலா நோயாளிகள் சிலருக்கு அவசரமாகக் கொடுக்கப்பட்ட சோதனை நிலை எதிர்ப்பொருள் கலவை இத்தகைய இலைகளிலிருந்து வந்ததுதான்.

இந்த ஐந்தாறு நாள்களும் அறையின் கையில் இருக்கின்றன. அக்ரோபாக்டீரியம் மரபணுவைச் செலுத்தும் வேலையை 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நன்றாகச் செய்யும். 29 டிகிரியை எட்டினால் ஏறக்குறைய கைவிட்டுவிடும். பல ஆண்டுகளுக்கு முன், நான் உதவியாளனாக வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில், மே மாத இரவொன்றில் மின்சாரம் போனது, ஜெனரேட்டரும் எழவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் செடிகள் பச்சைப் பசேலென்று நின்றன. ஒன்றும் ஆகவில்லை என்று மகிழ்ந்தோம். ஆறாம் நாள் சாறு எடுத்துச் சோதித்தபோது புரதம் இல்லை. அன்றிலிருந்து, "அறைக்குள் விவசாயம்" என்று யாராவது சொன்னால் நான் முதலில் மின்கட்டண ரசீதைக் கேட்பேன். விளக்கின் வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஊற்றிய தண்ணீரில் பெரும்பகுதியைச் செடி ஆவியாக்கிவிடுவதால் அந்த ஈரத்தையும் வெளியேற்ற வேண்டும். கடற்காற்றின் புழுக்கம் நிறைந்த நம் வடசென்னையில் இது சிறிய செலவு அல்ல.

இனி மீனுக்கு வருகிறேன். இலை என்பது பச்சை மீன். பறித்த நிமிடத்திலிருந்து அதிலுள்ள நொதிகள் நாம் விளைவித்த புரதத்தையே தின்னத் தொடங்குகின்றன. அரைத்தாலோ சாறு கறுக்கிறது. வாழைப்பூவை நறுக்கிய கையோடு நம் வீட்டுப் பெண்கள் மோர்த் தண்ணீரில் போடுவது எதற்காகவோ, அதற்காகவே ஆய்வகத்திலும் அஸ்கார்பிக் அமிலம் சேர்க்கிறோம். அதற்குப் பிறகு, ஒளிச்சேர்க்கைக்காக இலை குவித்து வைத்திருக்கும் ரூபிஸ்கோ என்னும் புரத மலையிலிருந்து நமக்கு வேண்டிய சிறு பங்கைப் பிரித்தெடுக்க வேண்டும். செடி மலிவு, மருந்தும் மலிவு என்று பத்திரிகைகள் எழுதுவதை நான் ஏற்காததற்குக் காரணம் இந்தச் சுத்திகரிப்புதான். ஊசி மருந்தின் தயாரிப்புச் செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது.

விதை என்பது கருவாடு. முளைப்பதற்காகப் புரதத்தை உலர்ந்த நிலையில் காத்து வைப்பது விதையின் இயல்பான தொழில். நாம் கொடுத்த புரதத்தையும் அது மாதக்கணக்கில் குளிர்சாதனமின்றிக் காக்கும். ஐஸ்லாந்தில் ஒரு நிறுவனம் பசுமைக்கூடத்தில் பார்லி வளர்த்து, அதன் விதையில், செல்களை வளரத் தூண்டும் புரதங்களான மனித வளர்ச்சிக் காரணிகளை விளைவிக்கிறது. அந்த நாட்டில் பூமிக்கடி வெப்பம் மலிவாகக் கிடைக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

என்னை மிகவும் கவர்ந்தது ஜப்பானின் ஸ்ட்ராபெரி. ஹொக்கைடோவில், முழுவதும் அடைக்கப்பட்ட அறையில் வளரும் அந்தப் பழத்தில், நோய் எதிர்ப்புக்கு உதவும் புரதமான நாயின் இன்டர்ஃபெரான் விளைகிறது. பழத்தை உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கி, ஈறு நோய் கண்ட நாயின் ஈறில் தடவுகிறார்கள். 2013இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஈறில் தடவுவதற்குப் பழப்பொடியே போதும் என்பதால் சுத்திகரிப்பு என்னும் பெருஞ்செலவே எழவில்லை. எந்தப் புரதத்தை எடுத்துக்கொள்வது என்பதில்தான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

சூரிய ஒளி சும்மா கிடைக்கும்போது வயலில் வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். 2002இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், மருந்துப் புரதத்துக்காக வயலில் விளைவித்த மக்காச்சோளத்தின் சிதறிய விதைகள் அடுத்த பருவத்தில் சோயா வயலில் முளைத்து, அறுவடையில் கலந்து, ஏறக்குறைய 5 லட்சம் புஷல் (அமெரிக்கத் தானிய அளவை) சோயாவை அழிக்க வேண்டியதாயிற்று. உணவுப் பயிரில் மருந்தை ஏற்றினால் சுவர் வேண்டும் என்பதற்கு இந்த ஒரு கதை போதும்.

நாம் எங்கே தொடங்கலாம்? மனிதருக்கான ஊசியில் தொடங்குவது நமக்குக் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. கனடாவில் இலையில் தயாரான கோவிட் தடுப்பூசி 2022 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்றும், அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த நிறுவனத்தை அதன் தாய் நிறுவனம் மூட முடிவெடுத்துவிட்டது. கால்நடைகளிடம் தொடங்கலாம். கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் நோய்க்குப் புகையிலைச் செல்லில் தயாரித்த தடுப்பூசிக்கு அமெரிக்க வேளாண் துறை 2006இலேயே ஒப்புதல் அளித்தது. அது கடைக்கு வரவில்லை என்றாலும் வழி உண்டு என்று காட்டியது. வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும், மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழகமும் இருக்க, இந்தச் சிந்தனைக்கு நம் பகுதி அந்நியமானதல்ல.

உரை முடிந்ததும் மாடியில் கோழி வளர்க்கும் ஓர் அம்மா, "அந்தச் செடியை மாடித் தோட்டத்தில் வைக்க விடுவீர்களா தம்பி?" என்று கேட்டார். முடியாதம்மா என்றேன். மரபணு மாற்றிய உயிர்களைக் கையாள 1989ஆம் ஆண்டு விதிகளின்படி அனுமதி வாங்க வேண்டும்; சாறு பிழிந்த சக்கையைக்கூட 121 டிகிரி நீராவியில் வேகவைத்த பிறகே வெளியே கொட்டலாம். "சக்கையைக் கோழிக்கும் போட முடியாதா?" என்றார். கோழிக்கும் போட முடியாது.