பேச்சுக்குரல் தணிந்திருந்தால் மேல்ஸ்தாயி எட்டாதா?

வணக்கம். இன்றைக்கு விளக்கத்திற்கு எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சகோதரி அனுப்பியிருக்கும் சந்தேகம். அதைச் சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய பேச்சுக்குரல் கனமானது. தொலைபேசியில் பேசினால் எதிர்முனையில் இருப்பவர்கள் "சொல்லுங்க சார்" என்கிறார்களாம். சில ஆண்டுகளாக 5 கட்டை சுருதியில் பாட்டுக் கற்றுவருகிறார் (ஷட்ஜம், அதாவது 'ஸ', எந்த உயரத்தில் அமைகிறது என்பதைச் சொல்லும் அளவுதான் கட்டை). தார ஸ்தாயியில், அதாவது மேல்ஸ்தாயியில், காந்தாரத்தை ('க') தொட்டதும் குரல் பிசிறுகிறது. பேச்சுக்குரல் தணிந்தவர்களுக்கு மேல்ஸ்தாயி வராது என்று வீட்டில் சொல்கிறார்கள். அது உண்மைதானா, பேச்சையே கொஞ்சம் உயர்த்திப் பேசிப் பழகினால் பாட்டும் உயருமா என்று கேட்டிருக்கிறார்.

பேச்சுக்குரல் உங்கள் குரலின் கீழ் எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஓரளவு நம்பகமாகக் காட்டும். மேல் எல்லையைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. வீட்டில் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள்.

காரணம் குரல்வளையின் அமைப்பிலேயே இருக்கிறது. குரல் நாண்களின் நீளம் ஆண்களுக்கு ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் வரையிலும், பெண்களுக்கு 12.5 முதல் 17.5 மில்லிமீட்டர் வரையிலும் இருக்கும். அமைதியாகப் பேசும்போது அந்த நாண்கள் அதிக இழுப்பின்றித் தளர்ந்த நிலையில் அதிர்கின்றன. ஆகவே அவற்றின் நீளமும் தடிமனும் பேச்சில் அப்படியே வெளிப்படுகின்றன. மேலே பாடும்போது நடப்பது வேறு. குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே விரலை வைத்துக்கொண்டு, தணிந்த சுரத்திலிருந்து மேல் நோக்கி மெதுவாக ஓர் இழைப்பு இழைத்துப் பாருங்கள். இரண்டு குருத்தெலும்புகளுக்கு நடுவே ஒரு சிறு பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். சுரம் ஏற ஏற அந்தப் பள்ளம் குறுகும். அங்கே இருக்கும் தசை குருத்தெலும்பைச் சாய்த்து நாண்களை நீட்டுவதால்தான் சுரம் ஏறுகிறது. அமைதியான பேச்சில் அந்தத் தசைக்கு அதிக வேலை இல்லை. வீணையின் தந்தியை வெறுமனே மீட்டிக் கேட்டால் அதன் அடிச் சுரம் தெரியும், அந்த வாத்தியத்தில் எத்தனை மெட்டுகள் (தந்தியை அழுத்தும் படிகள்) இருக்கின்றன என்பது தெரியாது அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

அடுத்து அந்த "சார்" விஷயம். பெண்களின் பேச்சு பெரும்பாலும் 180 முதல் 220 ஹெர்ட்ஸ் அளவிலும், ஆண்களின் பேச்சு 100 முதல் 130 ஹெர்ட்ஸ் அளவிலும் அமைகிறது. ஆனால் பழைய முறைத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதைக் கடத்துவதே இல்லை. அதாவது உங்கள் குரலின் அடிப்படை அதிர்வு எதிர்முனைக்குப் போய்ச் சேருவதே இல்லை. அதன் இரு மடங்கு, மும்மடங்கு என்று மேலே ஒலிக்கும் அதிர்வுகளைக் கொண்டு, கேட்பவரின் மூளை அதை ஊகித்துக்கொள்கிறது. அந்த ஊகத்தில் குரலின் கனம், தொண்டையும் வாயும் அமைந்திருக்கும் விதம், பேசும் தோரணை எல்லாம் கலந்துவிடுகின்றன. கனமும் சுருதியும் ஒன்றல்ல என்பதால், தொலைபேசியில் கிடைக்கும் "சார்" பட்டத்தை வைத்து உங்கள் பேச்சின் சுருதி இன்னது என்று நான் முடிவு கட்டமாட்டேன்.

சுருதியை நீங்களே அளந்துகொள்ளலாம். செய்தித்தாளை வாசித்து அளக்க வேண்டாம். வாசிக்கும்போது பலருக்குக் குரல் மாறிவிடுகிறது, வாக்கியத்தின் முடிவில் இயல்பாகவே இறங்கியும் விடுகிறது. யாராவது கதை சொல்லும்போது நாம் "ம்... ம்..." என்று ஆர்வமாக ம் கொட்டுகிறோம் அல்லவா, அந்த "ம்" எந்தச் சுரத்தில் வருகிறதோ அதுவே உங்களுக்கு மிக இயல்பான இடம். அதை அப்படியே நீட்டிப் பிடித்து, கைபேசியில் இருக்கும் ட்யூனர் செயலியிலோ கீபோர்டிலோ ஒத்துப் பாருங்கள். தூங்கி எழுந்தவுடன் பார்க்க வேண்டாம். அந்த நேரத்தில் எல்லோருக்கும் குரல் இறங்கித்தான் இருக்கும்.

இனி கட்டைக் கணக்குக்கு வருகிறேன். 1 கட்டையில் பாடும் ஓர் ஆணின் மத்திய ஸ்தாயி ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். அவர் 110 ஹெர்ட்ஸில் பேசுகிறவராக இருந்தால், அவருடைய பேச்சு மந்திர ஸ்தாயியின், அதாவது கீழ்ஸ்தாயியின், சதுச்ருதி தைவதத்தில் ('த'வின் ஒரு வகை) இருக்கிறது. ஷட்ஜத்துக்கு வருவதற்கே அவர் ஏற வேண்டும். 5 கட்டையில் பாடும் பெண்ணுக்கு ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். அவர் பேசுவதும் பெரும்பாலும் அதே அளவில்தான். அதனால்தான் ஆண்களுக்கு மந்திர பஞ்சமம் ('ப') பேச்சுக்குச் சற்றுக் கீழேயே கிடைத்துவிடுகிறது. பெண்களோ அதற்காக நன்றாக இறங்க வேண்டியிருக்கிறது. மாறாக, தார பஞ்சமத்துக்குப் போக ஆண்கள் தங்கள் பேச்சிலிருந்து 22 அரைச் சுரங்கள் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையிலான தூரம் ஓர் அரைச் சுரம்) ஏற வேண்டும், பெண்கள் 19 ஏறினால் போதும். ஆக, பேச்சு சுருதிதான் பாட்டு சுருதி என்று எல்லோருக்கும் ஒரே விதி சொல்லிக்கொடுப்பது பொருந்தாது.

இப்போது உங்கள் குரல் பிசிறும் இடத்தைப் பார்ப்போம். 5 கட்டையில் தார அந்தர காந்தாரம் (காந்தாரங்களில் உயர்ந்தது) 494 ஹெர்ட்ஸ். பெண்கள் நெஞ்சுக் குரலை (பேசும்போது வரும் கனமான குரலை) மாற்றாமல் மேலே கொண்டுபோனால், அநேகமாக இந்த வட்டாரத்தில்தான் அது மறுக்கத் தொடங்கும். மெல்லிய பேச்சுக்குரல் உள்ள மாணவிகளுக்கும் இது நேர்கிறது. எனவே இது உங்களுக்கு மட்டும் ஏற்பட்ட குறை என்று நினைக்க வேண்டாம். சுருதியை 4 கட்டைக்கு இறக்கினால், அதே 494 ஹெர்ட்ஸ் காந்தாரத்தில் இல்லாமல் பிரதி மத்யமத்தில் ('ம'வின் உயர்ந்த வகை) போய் உட்காரும். தார காந்தாரம், சுத்த மத்யமம் இரண்டும் உங்கள் வசத்துக்கு வந்துவிடும். அளந்து பார்த்ததில் உங்கள் பேச்சு தணிந்தே இருந்தால், மந்திர பஞ்சமமும் உங்களுக்குச் சிரமமாக இராது. பலர் சேர்ந்து கற்கும் வகுப்பில் வசதிக்காக எல்லோருக்கும் ஒரே சுருதி வைப்பது வழக்கம்தான், ஆனால் வீட்டில் சாதகம் (பயிற்சி) செய்யும்போதும் அதையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கீழ்ஸ்தாயி வரிசை, மேல்ஸ்தாயி வரிசை இரண்டையும் 4, 4.5, 5 கட்டைகளில் தனித்தனி நாட்களில் பாடி, மறுநாள் தொண்டை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். எட்டியதா இல்லையா என்பதைவிட, எட்டிய பிறகு தொண்டை சோர்ந்ததா என்பதையே நான் முக்கியமாகக் கருதுவேன்.

சுருதி உயரமாக இருப்பதைப் பெருமையாக நினைக்கும் பழக்கம் ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையிலிருந்து வந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கடைசி வரிசைவரை கேட்க வேண்டும் என்று மிக உயர்ந்த சுருதியில் பாடிய காலம் அது. பிறகு ஒலிபெருக்கி வந்தது, கர்நாடக இசைப் பாடகர் எம். டி. ராமநாதன் மிகத் தணிந்த சுருதியில், விளம்ப காலத்தில் (மெதுவான வேகத்தில்) பாடியே தமக்கென ரசிகர்களைச் சேர்த்தார். இந்துஸ்தானி இசையில் கங்குபாய் ஹங்கலைக் கேட்டுப் பாருங்கள். இளவயது இசைத்தட்டுகளில் மெல்லியதாக ஒலித்த அவர் குரல், தொண்டைச் சிகிச்சைக்குப் பிறகு ஆண்குரல் போலக் கனத்தது. அந்தக் குரலுக்கு ஏற்ற சுருதியில்தான் அவர் பல ஆண்டுகள் பாடினார். 2002-இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார்.

உங்கள் குரல் சிறுவயது முதலே இப்படி இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அண்மையில்தான் தணிந்தது என்றாலோ, கரகரப்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, சாதகத்தை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். நாண்களில் வீக்கம் இருந்தாலும், தைராய்டு சுரப்பு குறைந்திருந்தாலும் குரல் தணியக்கூடும். அதைச் சுருதியை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

பேச்சை உயர்த்திப் பழகலாமா என்ற கடைசிக் கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். நாள் முழுவதும் இயல்புக்கு மேலே பேசினால் தொண்டை இறுகும். மாலையில் பாட உட்காரும்போது அந்த இறுக்கம் மேல்ஸ்தாயியைத்தான் முதலில் கெடுக்கும். மேலே போவதற்கான பயிற்சியைத் தம்புரா சுருதியோடு, அகாரத்திலும் ஊகாரத்திலும், மெல்லிய ஒலியில், ஒவ்வொரு அரைச் சுரமாக ஏறிச் செய்யுங்கள். நீங்கள் பேசுகிறபடியே பேசிக்கொண்டிருங்கள்.