மரத்துக்காகப் பிறந்த ஊர்

எல்லோருக்கும் வணக்கம். சைபீரியாவை முழுதாகப் பேச ஒரு மாலை போதாது. அதனால் ஒரே ஓர் ஊரை எடுத்துக்கொள்கிறேன். பெயர் இகார்கா. யெனிசேய் ஆற்றங்கரையில், ஆர்க்டிக் வட்டத்துக்குச் சுமார் 160 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. கடலுக்குப் போக அங்கிருந்து இன்னும் சில நூறு கிலோமீட்டர் ஆற்றிலேயே போகவேண்டும். ஆனாலும் அது கடல் துறைமுகம்! யெனிசேய் அவ்வளவு ஆழம். ஊருக்கு எதிரே ஒரு தீவு. தீவுக்கும் கரைக்கும் நடுவே காற்றும் ஓட்டமும் அடங்கிய நல்ல ஆழமான நீர்வழி. கப்பலை நிறுத்த வேறென்ன வேண்டும்?

1929இல் ஊர் தொடங்கியது. சோவியத் அரசுக்கு இயந்திரங்கள் வாங்க அந்நியச் செலாவணி தேவைப்பட்டது. கையில் இருந்தது காடு. தெற்கே வெட்டிய மரம் தெப்பமாக ஆற்றில் வந்தது, இகார்காவில் பலகையானது, கோடையில் காரா கடல் வழியாக வந்த கப்பல்களில் ஏறி வெளிநாடு போனது. 1931இலேயே நகர அந்தஸ்து. கட்டியவர்களில் நிறையப் பேர் ‘குலாக்’ (பணக்கார விவசாயி) என்று முத்திரை குத்தி, நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு அங்கே கொண்டுவந்து தள்ளப்பட்ட விவசாயிகள். வீரக் கதையாகச் சொல்லும்போது இவர்களைத்தான் முதலில் மறந்துவிடுவார்கள்.

சரி, வீடு கட்டுவதற்கு வருவோம். அங்கே நிலத்துக்கடியில் மண் கோடையிலும் உருகாது. மேலே ஓர் அடுக்கு மட்டும் வெயிலில் இளகிச் சேறாகும். அதன்மேல் வீடு கட்டி அடுப்பு மூட்டினால், அந்தச் சூடு கீழே இறங்கி மண்ணை உருக்கும். வீடு ஒரு பக்கமாகச் சாயும். வீட்டைக் கெடுப்பது குளிர் அல்ல, கதகதப்பு! அதனால் தூண்களை ஆழமாக உறைமண்ணில் இறக்கி, தரைக்கும் வீட்டுக்கும் இடையே காற்று ஓட இடம் விடுகிறார்கள். இதையெல்லாம் ஆராய 1930களிலேயே ஓர் ஆய்வு நிலையம் வைத்து, பூமிக்கடியில் குடைந்தார்கள். 1965இல் அது அருங்காட்சியகமானது. படியிறங்கினால் சுவரெல்லாம் பனிப்படிகம். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரம் அழுகாமல் நிற்கிறது. இன்னொன்றும் உண்டு: இரண்டாம் உலகப் போர்க்கால நாளிதழ்களை 1950இல் அங்கே மூடி வைத்தார்கள். திறக்க வேண்டிய ஆண்டு 2045.

அதே காலத்தில்தான் ஸ்டாலின் அரசு மேற்கே உள்ள சலேகார்ட் நகரிலிருந்து இகார்காவுக்கு ரயில் பாதை போடத் துணிந்தது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சதுப்பும் உறைமண்ணும். வேலை செய்தவர்கள் பெரும்பாலும் கட்டாய உழைப்பு முகாம் கைதிகள். 1953இல் ஸ்டாலின் இறந்த சில வாரங்களில் வேலை நின்றது. என் கணக்கில் அது தொடங்கியிருக்கவே கூடாத வேலை. ஏற்றிச் செல்லப் பெரிய சரக்கு எதுவும் அந்தப் பாதைக்குக் காத்திருக்கவில்லை. தண்டவாளங்கள் இன்றும் காட்டில் முறுக்கிக் கிடக்கின்றன.

1962இல் பெருந்தீ. முழுக்க மரத்தால் ஆன ஊர், கேட்க வேண்டுமா? பெரும்பகுதி போனது, மறுபடி கட்டினார்கள். 1980களின் கடைசியில் 18 ஆயிரம் பேருக்கும் மேல் வாழ்ந்தார்கள். அப்புறம் சோவியத் ஒன்றியம் கலைந்தது, மர ஏற்றுமதி படுத்தது. இன்று ஐயாயிரத்துக்கும் குறைவு.

விமான நிலையம் எதிர்த் தீவில். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் வண்டி. அங்கே இறங்குகிறவர்களில் பலர் ஊருக்குள் வருவதே இல்லை. ஹெலிகாப்டர் ஏறி நேரே வான்கோர் எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.