ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கக் கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இந்த ஜூன் மாதம் தொடக்கப் பள்ளியில் முதன்முறையாகப் பாடம் எடுக்கப் போகும் ஆசிரியர்களை மனத்தில் வைத்து இன்று பேசுகிறேன். பெற்றோரும் கேட்கலாம். பிள்ளை வீட்டில் சத்தம் போட்டுப் படிக்கிறதே, அது வாசிப்பா மனப்பாடமா என்று கண்டுபிடிக்கும் வழியும் இதில் வரும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. அதனால் தொடக்க வகுப்புக்குப் புதிதாக வரும் ஆசிரியர் பலருக்கு ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய மூன்று வகுப்புகளும் ஒரே அறையில் கிடைக்கும். ஒரு வகுப்புக்கு ஒரு பாடவேளை என்று எழுதிப் பழகிய பாடக்குறிப்பு அந்த அறையில் முதல் வாரமே கைகொடுக்காது. பதற்றத்தில் பலரும் செய்வது என்ன? புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து வேகமாக நடத்த ஆரம்பிப்பார்கள். ஆகஸ்டில் மூன்று பாடம் முடிந்திருக்கும். எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து தெரியும் என்று கேட்டால் பதில் இருக்காது.

முதலில் பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்கக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு 2 நிமிடம் போதும். ஒரு நாளைக்கு 6 பேர் என்று வைத்தால் 30 பேரையும் 5 நாளில் கேட்டுவிடலாம். படம் இல்லாத தாளில் பெரிய எழுத்தில் 10 சொற்கள் எழுதிக்கொள்ளுங்கள். படம், மரம் என்று எளிதாகத் தொடங்கி, மாடு, மீன் என்று போய், தேள், கொடி, பை என்று முடியட்டும். தாள் இரண்டு விதமாக இருக்கட்டும். ஒரே தாள் என்றால் பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்டே ஒப்பித்துவிடும். பாடப் பக்கத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையைக் கண்டறிய, படத்தைக் கையால் மறைத்து, கடைசி வரியிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டிக் கேளுங்கள். உண்மையாக வாசிக்கும் பிள்ளை சொல்லும். மற்றது முதல் வரியிலிருந்து மனத்துக்குள் ஓட்டிக்கொண்டு வரும். உதடு அசைவதைப் பார்த்தாலே தெரியும்.

தவறைக் குறிக்கும்போது 'வாசிக்கவில்லை' என்று எழுதாதீர்கள். எந்தக் குறியில் நின்றது என்று எழுதுங்கள். தமிழில் பிள்ளைகள் அதிகம் தடுமாறும் இடம் கொம்பு. 'கொடி' என்ற சொல்லில் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. காதுக்கு முதலில் வருவது 'க்' என்னும் ஒலி. இடமிருந்து வலமாகப் போகப் பழகிய பிள்ளை இங்கே திகைக்கும். கொம்பு, எழுத்து, துணைக்கால் மூன்றையும் தனித்தனி அட்டையில் வெட்டி, பிள்ளையின் கையால் சேர்க்கவும் பிரிக்கவும் விட்டால் சில நாளில் தெளியும். உகரம் வேறு மாதிரியான சிக்கல். கு, சு, து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், குறி ஒன்றுபோல் இருக்காது. இதற்கு விதி சொல்லிப் பயனில்லை. குடை, சுவர், துணி என்று சொல்லோடு பழக்க வேண்டும்.

இன்னொன்று. 'இருக்கிறது' என்பதை 'இருக்கு' என்று ஒரு பிள்ளை வாசித்தால் அதட்டாதீர்கள். எழுத்தைப் பார்த்து, பொருள் புரிந்து, வீட்டுப் பேச்சில் சொல்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அது வராது. 'சரி, புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கு, விரல் வைத்துப் பார்' என்றால் போதும்.

சிறு பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணும் பழக்க 2022 ஜூனில் தமிழ்நாட்டில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறார்கள். வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்து உட்காரவைப்பது பல வகுப்புகள் சேர்ந்து உட்காரும் அறைக்கு மிகப் பொருத்தம். ஆனால் நீங்கள் காதால் கேட்டுச் செய்த பிரிவாக இருந்தால்தான் அது வேலை செய்யும்.

ஒரு குழுவோடு 15 நிமிடம் உட்கார்ந்தால் மற்ற இரண்டு குழுவும் தாமாக வேலை செய்ய வேண்டும். இங்கேதான் வகுப்பு கலையும். புதுப் பாடத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், ஐந்தாவது நிமிடம் சிலேட்டோடு உங்கள் முன்னால் வரிசை நிற்கும். நேற்று நன்றாகச் செய்த வேலையை இன்று தனியாகச் செய்யக் கொடுங்கள். கட்டளையை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மூன்றைச் சேர்த்துச் சொன்னால் கடைசி ஒன்றுதான் மனத்தில் நிற்கும். முடித்தவர்கள் எடுக்க ஒரு பெட்டியில் கதைப் புத்தகமோ புளியங்கொட்டையோ இருக்கட்டும்.

கணக்கில் பத்துக்கட்டை விட்டுவிடாதீர்கள். ஈர்க்குச்சி 10 எண்ணி ரப்பர் பேண்ட் போட்ட கட்டு பத்து, உதிரிக் குச்சி ஒன்பது, ஒவ்வொரு குழுவுக்கும் வேண்டும். கட்டை ஆசிரியர் போட்டுத் தரக்கூடாது, பிள்ளைதான் எண்ணிக் கட்ட வேண்டும். 'நூற்று இரண்டு' என்று சொன்னால் 1002 என்று எழுதும் பிள்ளை, காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறது. தமிழ் எண்ணுப்பெயரில் இன்னொரு பள்ளமும் உண்டு. தொண்ணூறு என்பதில் 'நூறு' போலக் கேட்கிறது, ஆனால் அது 90. தொள்ளாயிரத்தில் 'ஆயிரம்' கேட்கிறது, அது 900. எண்பது, தொண்ணூறு, நூறு என்று கட்டுகளை அடுக்கிக் காட்டிச் சொல்லவைத்த பிறகே எழுதச் சொல்லுங்கள்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. இரைச்சலுக்கு மேல் கத்தினால் ஜூலையிலேயே தொண்டை கட்டிவிடும். மூன்று முறை கைதட்டினால் எல்லோரும் திருப்பித் தட்ட வேண்டும் என்று முதல் வாரத்தில் பழக்குங்கள். அடிப்பதும் மனம் நோகத் திட்டுவதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. அதோடு, பயந்த பிள்ளை தெரிந்த எழுத்தையும் சொல்லாது. உங்கள் கணக்கெடுப்பே பொய்யாகிவிடும்.

சில ஊர்களில் பொங்கல் முடிந்ததும் குடும்பம் குடும்பமாகச் செங்கல் சூளைக்குப் போவார்கள். அந்தப் பிள்ளைகள் யார் என்று ஜூனிலேயே பக்கத்து வீட்டாரிடமும் பழைய வருகைப் பதிவேட்டிலும் விசாரியுங்கள். அவர்களுக்குப் பள்ளி ஆண்டு பொங்கலோடு முடிகிறது. எனவே கொம்பு வரையிலான வாசிப்பை அவர்களுக்கு முன்கூட்டியே முடித்து, போகும்போது ஒரு சிலேட்டும் வாசிப்புத் தாளும் கொடுத்தனுப்புங்கள். சூளைக்குப் பக்கத்தில் எந்தப் பள்ளி என்று பெற்றோரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தத் தலைமையாசிரியருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.

ஏப்ரலில் அதே 10 சொல் தாளை மறுபடி எடுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஜூனில் எங்கே நின்றது, இப்போது எங்கே நிற்கிறது என்று ஆளுக்கு இரண்டு வரி எழுதி, அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளையை ஏற்கும் ஆசிரியரின் கையில் கொடுங்கள். வணக்கம்.