மலைக்கு அந்தப் பக்கம் வாங் கெலியான்

நேயர்களுக்கு வணக்கம். கெடாவின் பீடோங், சுங்கை லாலாங், குரூண் வட்டாரத்துத் தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் என் அன்பு.

வாங் கெலியான் என்று பேரைச் சொன்னதும் நம்மில் பலருக்கு இரண்டே இரண்டு செய்திதான் நினைவுக்கு வரும். ஒன்று, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. இன்னொன்று, 2015-இல் மலைக்காட்டில் கண்டுபிடித்த புதைகுழிகள். இந்த இரண்டுக்கும் நடுவே பால் மரம், அதாவது ரப்பர் மரம் சீவி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கடை திறந்து வைத்துக் காத்திருக்கும் ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

மலேசியாவின் பெர்லிஸ் மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில், தாய்லாந்தின் சத்துன் மாநிலத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது வாங் கெலியான். அந்தப் பக்கத்துக் கிராமத்துக்கு வாங் பிராச்சான் என்று பெயர். கங்காரிலிருந்து காக்கி புக்கிட் வரை பெரும்பாலும் சமதரைதான். அதற்கு மேல் நகாவான் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. நாட்டிலேயே நீளமான தொடர்ச்சியான சுண்ணாம்புக்கல் மலைத்தொடர் இதுதான். அதை ஏறி இறங்கினால்தான் ஊர்.

மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளே குகைகளைக் குடைகிறது. ஓடைகள் திடீரென்று தரைக்குள் இறங்கி, வேறோர் இடத்தில் வெளியே வருகின்றன. அப்படி அடித்து வந்த மண்ணில்தான் ஈயம், அதாவது வெள்ளீயம் கிடைத்தது. காக்கி புக்கிட்டில் குகைக்குள்ளேயே ஈயம் எடுத்தார்கள். அங்குள்ள குவா கெலாம் குகை 370 மீட்டர் நீளம். ஓடைக்கு மேலே போட்டிருக்கும் பலகைப் பாலத்தில் நடந்து அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடலாம்.

இந்தப் பாறையில் தண்ணீர் தங்காது. பெர்லிஸில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல கோடை. 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை நம் நாட்டின் உச்ச வெப்பநிலை. பால் மரம் இலை உதிர்க்கும் காலமும் இதே மாதங்களில்தான் வரும். இலை உதிர்த்தால் மங்கில், அதாவது பால் கோப்பையில் விழும் பால் எவ்வளவு குறையும் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த மூன்று மாதமும் கைக்காசு வேண்டுமென்றால் வேறு வழி தேட வேண்டும். சந்தை அந்தச் சிறு தோட்டக்காரர்களுக்கு ஏன் அவ்வளவு முக்கியமாக இருந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லைக்கோடு வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெர்லிஸும் சத்துனும் ஒரு காலத்தில் கெடா அரசின் பகுதிகள். 1909 மார்ச் 10-ஆம் தேதி ஆங்கிலேயரும் சயாமும், அதாவது இன்றைய தாய்லாந்தும் போட்ட ஒப்பந்தத்தில் பெர்லிஸ் இந்தப் பக்கம் வந்தது, சத்துன் அந்தப் பக்கமே நின்றது. மழைத்தண்ணீர் எந்த ஆற்றுக்கு வழிகிறதோ அதைப் பார்த்து, மலைமுகட்டை வைத்துக் கோடு இழுத்தார்கள். சொந்தபந்தத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் இன்றைக்கும் சத்துனில் முஸ்லிம் குடும்பங்கள் நிறைய, மலாய் பேசுபவர்களும் உண்டு.

நம் மக்களுக்கும் இந்த எல்லை அந்நியமானதல்ல. இதே பெர்லிஸில் இருக்கும் பாடாங் பெசார் வழியாகத்தான் ஜப்பான்காரன் காலத்தில் மலாயாத் தோட்டத் தமிழர்களை ரயிலில் ஏற்றிச் சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. இதை நினைக்காமல் அந்த ரயில் நிலையத்தைக் கடக்க எனக்கு மனம் வருவதில்லை.

இனி சந்தைக்கு வருகிறேன். வாங் கெலியானில் பல ஆண்டுகள் தடையில்லாப் போக்குவரத்து மண்டலம் ஒன்று இருந்தது. கடப்பிதழ் இல்லாமலே எல்லை தாண்டி அந்தப் பக்கத்துக் கடைகள் வரை போய் வரலாம். தாய்லாந்து வியாபாரிகளும் இங்கே வந்து துணிமணி, பழம், பலகாரம் விற்றார்கள். 2015 ஏப்ரல் முதல் தேதி அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். அடுத்த மாதமே மலைக்காட்டில் ஆள்கடத்தல் கும்பலின் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டதாகக் காவல்துறை அறிவித்தது. அங்கே அடைபட்டுச் செத்தவர்கள் ரோஹிங்கியா மக்களும் வங்காளதேசத்தவரும். 2019-இல் முன்னாள் தலைமை நீதிபதி துன் அரிபின் ஸக்காரியா தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமர்ந்தது.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். எல்லையில் கடப்பிதழ் கேட்பது நியாயம். அந்த மலையில் நடந்தது மனித குலத்துக்கே எதிரான கொடுமை. ஆனால் சந்தை நொடித்ததில் அடிபட்டவர்கள் கடத்தல்காரர்கள் அல்ல, அங்கே கடை போட்டுப் பிழைத்தவர்கள். ஊர்ப்பெயரைக் கேட்டாலே முகம் சுளிப்பது அவர்களுக்கு நாம் செய்யும் இரண்டாவது அநியாயம்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். பீடோங்கிலிருந்து அலோர் ஸ்டார், கங்கார், காக்கி புக்கிட் என்று போக வேண்டும். காரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. கங்காரிலேயே எண்ணெய் நிரப்பிவிடுங்கள். காக்கி புக்கிட்டுக்கு அப்பால் பாதை செங்குத்து, வளைவும் அதிகம். ஏற்றத்தைவிட இறக்கம்தான் ஆபத்து. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அதன் பட்டைகள் சூடேறிப் பிடிமானம் போய்விடும். கருகிய வாடை வந்தால் அதுதான் எச்சரிக்கை: ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆட்டோ கார் என்றால் இறக்கம் தொடங்கும் முன்பே கியரை இரண்டுக்கோ எல்லுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள். மழை நாளில், வேன் நிறைய ஆளோடு இந்தப் பாதையில் போக வேண்டாம்.

எல்லையருகே கைப்பேசி தாய்லாந்து அலைவரிசைக்குத் தாவிவிடும். இதில் இரண்டு தொல்லை. ரோமிங் கட்டணம் ஏறும். மணியும் ஒரு மணி நேரம் பின்னால் போகும். நம் நேரம் மாலை 5 என்றால் அங்கே 4. அதை நம்பி அங்கேயே உட்கார்ந்துவிட்டால் சோதனைச் சாவடி மூடும் நேரம் தப்பிவிடும். இரவெல்லாம் திறந்திருக்கும் சாவடி அல்ல அது. கையில் சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொண்டு போவது நல்லது.

வாங் பிராச்சான் போவதென்றால் கடப்பிதழ் கட்டாயம். வெளியேறும் முத்திரை, நுழையும் முத்திரை, திரும்பும்போதும் அதேபோல என்று ஒவ்வொன்றும் விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். 2025 மே முதல் தாய்லாந்துக்கு மின்னியல் வருகை அட்டையும் வேண்டும். போவதற்கு முன் 3 நாளுக்குள் இணையத்தில் இலவசமாக நிரப்பலாம். கார் கொண்டுபோனால் காரின் கிராண்ட் என்னும் பதிவுச் சான்று, தாய்லாந்துக் காப்புறுதி இரண்டும் தேவை. கார் வேறொருவர் பேரில் இருந்தால் அவருடைய அனுமதிக் கடிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். பலர் திரும்பி வரும்போதுதான் மாட்டிக்கொள்கிறார்கள். செடி, கன்று, விதை, இறைச்சி எதற்கும் மாக்கிஸ் என்னும் தாவர, விலங்குத் தடுப்புச் சோதனைத் துறையின் அனுமதி வேண்டும், அரிசிக்கும் தனி அனுமதி வேண்டும். நல்ல பூச்செடியாயிற்றே என்று காசு கொடுத்து வாங்கினால் சாவடியில் பறிகொடுக்க வேண்டியதுதான்.

எல்லை தாண்ட விரும்பாதவர்களுக்குப் பெர்லிஸ் மாநிலப் பூங்கா இருக்கிறது. ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் காடு. சிவந்த முகமும் கட்டை வாலும் கொண்ட பெரூக் கெந்தோய் குரங்கை மலேசியாவில் இங்கேதான் காட்டில் பார்க்கலாம். அதற்குத் தீனி போடாதீர்கள். வாங் பர்மா குகைக்கு வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. ஆளுக்கு இரண்டு டார்ச், மாற்று பேட்டரி, இரண்டு லிட்டர் தண்ணீர், பிடிப்புள்ள காலணி வேண்டும். மலையில் மழை இருட்டினால் குகைக்குள் ஓடை சட்டென்று ஏறும். வழிகாட்டி திரும்பச் சொன்னால் மறுபேச்சில்லாமல் திரும்ப வேண்டும். பாதையை விட்டு விலகவும் வேண்டாம், எல்லைக் காவலர் நடமாடும் காடு அது.

கார் இல்லாதவர்கள் சுங்கை பட்டாணியிலிருந்து பாடாங் பெசார் போகும் கொமுட்டர் ரயிலைப் பிடித்து ஆராவில் இறங்கலாம். அங்கிருந்து வாடகைக் காரைப் பேசும்போதே திரும்பி வருவதற்கும் சேர்த்துப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் வாடகைக் கார் தேடிப் பிடிப்பது சிரமம்.

வணக்கம்.