முதலில் ஆள், அப்புறம் படம்

வணக்கம் நேயர்களே. ஒரு சங்கமோ அறக்கட்டளையோ தன் பெயரில் சிறப்பு நம்பர் பிளேட், அதாவது தன் சின்னம் போட்டு, வண்டிக்காரர்கள் கூடுதல் பணம் கட்டி வாங்கும் பிளேட், கொண்டுவருவது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இந்த விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நான் ஃப்ளோரிடாவை எடுத்துக்கொள்கிறேன்.

1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். மறு ஆண்டே ஃப்ளோரிடாவில் சேலஞ்சர் நம்பர் பிளேட் வந்தது. அதற்காக வண்டிக்காரர்கள் கூடுதலாகக் கட்டிய பணம், கென்னடி விண்வெளி மையத்தில் நிற்கும் வீரர்கள் நினைவுச் சுவருக்குப் போனது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுப்பிய சுவர் அது. ஒரு தகரத் துண்டால் இவ்வளவு முடியும் என்பதால்தான் இந்த விஷயம் எனக்குப் பிடிக்கும். அப்புறம் கடற்பசு, சிறுத்தை, கடலாமை படம் போட்ட பிளேட்டுகள் என்று வரிசையாக வந்தன.

சரி, உங்கள் அமைப்புக்கு வேண்டுமென்றால்? மோட்டார் வாகனத் துறையிடம் மனுக் கொடுத்தால் மட்டும் போதாது. சட்டமன்றம் தனியாக அனுமதி தர வேண்டும். அதாவது, உங்கள் தொகுதி உறுப்பினர் ஒருவர் மசோதா கொண்டுவர இசைய வேண்டும். அனுமதி கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. 24 மாதங்களுக்குள் 3,000 பேர் முன்பணம் கட்டி ரசீது வாங்கியிருக்க வேண்டும். முன்பு இது 1,000 பேராக இருந்தது, 2020-ல் கூட்டிவிட்டார்கள். எண்ணிக்கை எட்டவில்லையென்றால் அனுமதி போய்விடும். பணம் கட்டியவர்கள் அதைத் திரும்பப் பெறலாம், வேறு பிளேட்டுக்கும் மாற்றிக்கொள்ளலாம். மாநிலம் முழுவதற்கும் 150 வகை சிறப்பு பிளேட்டுகள்தான் என்று உச்சவரம்பும் உண்டு.

பல அமைப்புகள் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன். லோகோ எந்த நிறம், எழுத்து எந்தப் பக்கம் என்று கூட்டம் கூட்டமாகப் பேசுவார்கள். விழாவுக்கு வந்து கைதட்டுகிறவர்களில் எத்தனை பேர் பணம் கட்டுவார்கள், அவர்கள் வண்டி ஃப்ளோரிடாவில் பதிவானதுதானா என்று ஒருவரும் கேட்பதில்லை. சிறிய அமைப்புக்கு 3,000 கனமான எண்தான். வர்ஜீனியாவிலும் சட்டமன்ற அனுமதி வேண்டும், ஆனால் அங்கே முன்பணத்தோடு 450 விண்ணப்பங்கள் போதும். மேரிலாந்தில் லாப நோக்கற்ற அமைப்பின் 25 பேர் சேர்ந்தாலே லோகோ போட்ட பிளேட் கேட்கலாம்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். பிளேட்டில் இருப்பது உங்கள் சின்னமானாலும், சட்டத்தின் கண்ணில் அது அரசின் பேச்சு, அதனால் வேண்டாம் என்று அரசு மறுக்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலக் கூட்டமைப்பின் படைவீரர்களுடைய வாரிசுகள் சங்கம், அந்தக் கூட்டமைப்பின் கொடி பொறித்த பிளேட் கேட்டபோது டெக்சாஸ் மறுத்தது. அந்த மறுப்பு செல்லும் என்று 2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. எனவே உங்கள் வாசகத்தைப் பிறர் எப்படிப் படிப்பார்கள் என்று முன்கூட்டியே யோசியுங்கள்.

பிளேட் கைக்கு வந்த பிறகும் ஓய்வில்லை. வருகிற பணம் எங்கே போனது என்று ஆண்டுதோறும் துறைக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஓடுகிற வண்டிகளின் எண்ணிக்கை குறைந்துபோய் அப்படியே நின்றால் பிளேட்டையே நிறுத்திவிடுவார்கள். அதனால் இதைப் பார்த்துக்கொள்ளவென்றே ஓர் ஆளை இப்போதே நியமியுங்கள். அடுத்த ஆண்டு விழாவில் வாசலிலேயே மேசை போட்டு, பெயரும் வண்டி பதிவான மாநிலமும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் நிறைந்த பிறகு ஓவியரைக் கூப்பிடலாம். நன்றி, வணக்கம்.