கல்லைப் புரட்டிய அரசர், கோயிலை இடித்த மகன்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஹவாய்த் தீவுகளின் பழைய கோயில்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே பல்லவிதான் கேட்கும். வெள்ளைக்கார மிஷனரிகள் வந்தார்கள், கோயில்களை அழித்தார்கள் என்று. தேதியைப் பாருங்கள். மிஷனரிகளின் முதல் கப்பல் அங்கே போய்ச் சேர்ந்தது 1820 மார்ச் கடைசியில். கோயில்களை இடிக்கச் சொல்லி உத்தரவு போனது 1819 நவம்பரில். போட்டவர் ஹவாய் அரசரேதான், வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. ஏன் அப்படிச் செய்தார்? அதற்கு அவருடைய அப்பா காலத்திலிருந்து வரவேண்டும்.

அப்பா முதலாம் கமேஹமேஹா, தீவுகளையெல்லாம் ஒரே ஆட்சியின் கீழ் கொண்டுவந்தவர். அவர் வாழ்க்கையில் முதலில் வருவது ஒரு கல். இன்று ஹிலோ நகரத்துப் பொது நூலகத்தின் வாசலில் கிடக்கிறது, பெயர் நஹா கல். நஹா என்பது உயர்ந்த குலம் ஒன்றின் பெயர். அந்தக் குலத்தில் பிறந்த குழந்தையை இந்தக் கல்லின்மேல் கிடத்துவார்களாம். அழாமல் கிடந்தால் குலம் மெய், அழுதுவிட்டால் போச்சு. கல்லை அசைப்பவன் தீவுகளை ஆள்வான் என்று ஒரு வாக்கும் இருந்தது. எடை இரண்டரை டன் என்கிறார்கள். கமேஹமேஹா 14 வயதில் அதைப் புரட்டிப் போட்டார் என்பது வழிவழிக் கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம், ஆனால் ஆட்சிக்கு உரிமை கேட்பவர் ஒரு கல்லிடம்தான் முதலில் போகிறார் என்பதைக் கவனியுங்கள்.

ஒரு சின்ன விலகல். இந்தக் கல் கவாய் தீவின் வைலுவா ஆற்றுப் பக்கத்திலிருந்து படகில் வந்தது என்பார்கள். அதே ஆற்றோரத்தில்தான், யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற சிவாய சுப்பிரமுனியசுவாமி தொடங்கிய சைவ ஆதீனம் இருக்கிறது. பெங்களூருக்குப் பக்கத்தில் செதுக்கிக் கப்பலேற்றிய கருங்கல்லால் கட்டிய இறைவன் கோயிலுக்கு அங்கே 2023இல் குடமுழுக்கு நடந்தது. சரி, கமேஹமேஹாவிடம் திரும்புவோம்.

ஹவாய்க் கோயிலுக்கு ஹெயாவ் என்று பெயர். கூரை போட்ட கற்கோயிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் எரிமலைக் கல்லை அடுக்கி எழுப்பிய மேடை, அதன்மேல் மரத்தாலும் ஓலையாலும் ஆன வீடுகள், மரச் சிலைகள், பட்டைத்துணி போர்த்திய ஒரு கோபுரம். பயிருக்கு ஒரு வகை, நோய் தீர்க்க ஒரு வகை, மீன்பாட்டுக்குக் கடலோரத்தில் ஒரு வகை. இவற்றில் போர்க்கோயிலை மட்டும் அரச குலத்துத் தலைவர்தான் கட்டமுடியும். நரபலி உண்டு. அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்படி ஒன்றுதான் ஹவாய்ப் பெருந்தீவின் கவாய்ஹாயே கரையில் உள்ள புஉகோஹொலா. தீவுகளை எப்படி வெல்வது என்று கமேஹமேஹா கேட்டனுப்ப, கவாய் தீவுப் பூசாரி கபோஉகாஹி, போர்த்தெய்வத்துக்கு அந்தக் குன்றின்மேல் பெரிய கோயில் எழுப்பு என்றார். 1790இல் வேலை தொடங்கியது. முப்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பொலோலூ பள்ளத்தாக்கிலிருந்து ஆட்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றிக் கல்லைக் கொண்டுவந்தார்கள் என்பது மரபு. அரசரும் கல் சுமந்தார். சடங்குத் தூய்மைக்காக விலகி நிற்கவேண்டிய அவர் தம்பி ஆசையில் ஒரு கல்லைத் தூக்கிவிட, அதைப் பிடுங்கிக் கடலுக்குள் எறிந்துவிட்டார்களாம்.

1791இல் வேலை முடிந்தது. குடமுழுக்குக்கு வரும்படி தம் உறவினரும் எதிரியுமான கெயோவாவுக்கு ஆள் அனுப்பினார் கமேஹமேஹா. கெயோவா தெரிந்தே வந்தார் என்றுதான் தோன்றுகிறது. கரையிலேயே கொல்லப்பட்டார். உடல் புதுக் கோயிலின் முதல் பெரிய பலியாயிற்று. 1810க்குள் எல்லாத் தீவுகளும் கமேஹமேஹாவின் கீழ் வந்துவிட்டன.

வாரிசு விஷயத்திலும் கல்தான். ஓஆஹு தீவின் நடுவில் கூகனிலோகோ என்ற பிறப்புக் கற்கள் இருக்கின்றன. அரசியர் அந்தக் கற்களில் சாய்ந்து பிள்ளை பெறுவார்கள், 36 தலைவர்கள் சாட்சியாக நிற்பார்கள். அங்கே பிறந்தால் குலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கமுடியாது. 1797இல் தம் மகன் அங்கே பிறக்கவேண்டும் என்று கமேஹமேஹா ஆசைப்பட்டார். மனைவி கெயோபுவோலானிக்கு உடம்பு சரியில்லாமல் போக, பிள்ளை ஹிலோவில் பிறந்தது. அந்தப் பிள்ளைதான் லிஹோலிஹோ, பின்னாளில் கோயில்களை இடிக்கச் சொன்னவர்.

1819 மே மாதம் கமேஹமேஹா இறந்தார். ஆட்சி மகனுக்கு, போர்த்தெய்வத்தின் சிலை தம்பி மகனான கெகுவாஒகலானிக்கு என்று பிரித்து வைத்துவிட்டுப் போனார். இங்கேதான் வில்லங்கம். ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே போலப் பிரித்தபோது, சிலையைப் பெற்றவர் கமேஹமேஹா. ஆட்சியைப் பெற்ற அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் 1782 போரில் செத்தார். சிலை வைத்திருப்பவர் கோயில் கட்டலாம், கோயில் கட்டியவர் அரசராகலாம். லிஹோலிஹோவைச் சுற்றியிருந்தவர்களுக்கு இது தெரியாதா என்ன?

அரசரின் சிற்றன்னை கஅஹுமனு முந்திக்கொண்டார். ஆணும் பெண்ணும் சேர்ந்து சாப்பிடக்கூடாது, பெண்கள் பன்றிக்கறியும் வாழைப்பழமும் தொடக்கூடாது என்ற விலக்குகள் அவருக்கு வெகுநாள் எரிச்சல். வெளிநாட்டு மாலுமிகள் அந்த விலக்குகளை மீறியும் தெய்வம் ஒன்றும் செய்யாததைத் தலைவர்கள் நாற்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். நவம்பரில் கைலுவாவில் நடந்த விருந்தில் லிஹோலிஹோ பெண்களின் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்து வந்தது கோயில்களை இடிக்கும் உத்தரவு. தலைமைப் பூசாரி ஹெவஹெவாவே உடன் நின்றார். பெண்களின் உரிமைக்கும் அவநம்பிக்கைக்கும் இதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்னொருவர் அந்த மேடையில் ஏறி அரசராகிவிடக்கூடாது என்ற கணக்கே பெரியது என்பது என் எண்ணம். டிசம்பரில் குவமோஓவில் கெகுவாஒகலானி எதிர்த்து நின்று மாண்டார், உடன் போரிட்ட மனைவி மனோனோவும் மாண்டார். அவர் படையினரின் கற்குவிப்புச் சமாதிகள் கடலோரத்தில் இன்றும் உண்டு.

மரமும் ஓலையும் எரிந்தன, கல் நின்றது. புஉகோஹொலாவின் கல்மேடை 2006 நிலநடுக்கத்தில் சரிந்தபோது, பழைய முறைப்படி சாந்தில்லாமல் கல் அடுக்கத் தெரிந்தவர்களைக் கொண்டே சீர்செய்தார்கள். எல்லாக் கல்லுக்கும் இந்த யோகமில்லை. வைகீகி கடற்கரையில், தஹிட்டியிலிருந்து வந்த நான்கு மருத்துவர்களின் நினைவாக வைத்த கபாஎமாஹூ கற்கள் இருக்கின்றன. ஆண்மையும் பெண்மையும் ஒருங்கே கொண்டவர்கள் அவர்கள் என்கிறது கதை. 1941இல் அந்தக் கற்களின்மேல் பௌலிங் விளையாட்டுக் கூடம் கட்டினார்கள். 1963இல் கூடத்தை இடித்தபோது கற்கள் வெளியே வந்தன. அப்புறமும் வெகுகாலம், அந்த மருத்துவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை அங்கிருந்த பலகை சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடைமேல் ஏறாதீர்கள், கல்லை எடுக்காதீர்கள். எரிமலைப் பூங்காவுக்கு, எடுத்துப்போன கற்களை மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். பக்தி மேலிட்டுக் கல்லை இலையில் சுற்றிப் படைப்பதும் வேண்டாம். அது ஹவாய் மரபில்லை, சுற்றுலாப் பயணிகள் கிளப்பிவிட்டது. ஊழியர்கள்தான் அதையும் பொறுக்கிச் சுத்தம் செய்யவேண்டியிருக்கிறது.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.