யோலோ படிச்சா போதுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "சார், அரசு ஆராய்ச்சி நிறுவனத்துல டிரோன், தானா ஓடுற வண்டி இந்தப் பக்கம் மெஷின் லேர்னிங் வேலைக்குப் போகணும். யோலோ படிச்சா போதுமா, டிரான்ஸ்ஃபார்மரும் படிக்கணுமா?"

ரெண்டும் படிங்க தம்பி, படத்துல இருக்கிற பொருளைக் கண்டுபிடிக்கப் பயன்படுற நியூரல் நெட்வொர்க் (உதாரணங்களைப் பாத்துக் கத்துக்கிற மாடல்) வகைதான் ரெண்டும். அதுல சொல்ல வேற ஒண்ணும் இல்ல. உங்க மாடலுக்கு வர்ற படம் எத்தனை மணிக்கு எடுத்த படம்? இதைத்தான் யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க.

மறுபடியும் இன்ஜெனுயிட்டியான்னு பழைய ஆளுங்க சிரிப்பீங்க, சிரிங்க. நாசாவோட செவ்வாய் ஹெலிகாப்டர், 2021 மே 22, ஆறாவது பறப்பு. 10 மீட்டர் உயரம், வினாடிக்கு 4 மீட்டர் வேகம். தரையைப் பாக்குற கருப்பு வெள்ளை கேமரா வினாடிக்கு 30 படம் தரும், அதை வெச்சுத்தான் எங்க போறோம்னு ஹெலிகாப்டர் கணக்குப் போடும். 54 வினாடி வாக்குல ஒரே ஒரு படம் தொலைஞ்சுது. அது போனா போகட்டும். அதுக்கப்புறம் வந்த படம் அத்தனையிலும் டைம்ஸ்டாம்ப், அதாவது படம் எடுத்த நேரக் குறிப்பு, தப்பு! அந்த வேகத்துல ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் 13 சென்டிமீட்டர் வித்தியாசம். கன்ட்ரோலோ வினாடிக்கு 500 தடவை திருத்துறது. இல்லாத பிழையைத் திருத்தித் திருத்தியே, 20 டிகிரிக்கு மேல சாய்ஞ்சு ஆடிச்சு.

ஆனாலும் விழலை. இறங்குற கடைசிக் கட்டத்துல கேமராவைக் கண்டுக்காதேன்னு முன்னாடியே எழுதி வெச்சிருந்தாங்க. நினைச்ச இடத்துக்கு அஞ்சு மீட்டர் பக்கத்துல உக்காந்துச்சு.

அதுல நியூரல் நெட்வொர்க்கே இல்லையேம்பீங்க. இல்லதான். உங்க நெட்வொர்க்குக்கும் படம் கேமராவிலருந்துதானே வருது?

அதனால இதைச் செஞ்சு பாருங்க. பதிவு பண்ணின ஓட்டத்தை மறுபடி ஓட்டி, நடுவுல ஒரு படத்தை எடுத்துட்டு, பின்னாடி வர்ற டைம்ஸ்டாம்ப் எல்லாத்தையும் 33 மில்லிசெகண்ட் தள்ளுங்க. அப்புறம் 66, அப்புறம் 100. எதுல ஆட ஆரம்பிக்குதோ அதுதான் உங்க எல்லை. படம் பிராசஸருக்கு வந்து சேர்ந்த நேரத்தை டைம்ஸ்டாம்பாப் போடாதீங்க. லோடு ஏறினா அது தள்ளிப்போகும், மேஜையில ஓட்டும்போது தெரியாது, டிஸ்க்ல பதிவும் சேர்ந்து ஓடும்போதுதான் காட்டிக்கொடுக்கும். கேமராவைப் படம் எடுக்கச் சொல்ற டிரிகர் சிக்னல்லருந்து, எக்ஸ்போஷர் (சென்சார்ல வெளிச்சம் விழுற நேரம்) நடுவுல உள்ள நேரத்தை எடுங்க. சிஸ்டம் கடிகாரமும் வேண்டாம், ஜி.பி.எஸ். சிக்னல் பிடிச்சதும் அதுல நேரம் திடீர்னு குதிக்கும். பின்னாடி போகாம, குதிக்காம ஓடுற மோனோடோனிக் கிளாக் எடுங்க.

இன்னொண்ணு, 2024 ஜனவரி 18, அதே ஹெலிகாப்டரோட 72ஆவது, கடைசிப் பறப்பு. கீழ வெறும் மணல் அலை, கேமரா பிடிச்சுக்க அடையாளமே போதலை. பக்கவாட்டு வேகம் குறையாமலே மணல்மேட்டுல இறங்கி, இறக்கை முறிஞ்சுது. மாடல் சொல்ற நம்பிக்கை மதிப்பெண் இந்த மாதிரி இடத்துல குறையணும்னு கட்டாயம் இல்ல. அதனால படத்துக்குப் படம் பின்தொடர்ற அடையாளப் புள்ளிகளைத் தனியா எண்ணுங்க. எத்தனைக்குக் கீழ போனா, எவ்வளவு நேரம் பொறுத்து, உங்க டிரோன் எந்த மோடுக்கு மாறும்? அரசு ரிவ்யூவுல முதல்ல புரட்டுற பக்கம் அதுதான். நம்ம பசங்க கடைசி ராத்திரி எழுதுறதும் அதைத்தான்.